செருப்பு கவுண்டரில் என் மனைவி

தாம்பரத்தில் எங்கள் மார்கழி இசை விழாவில் தொண்டர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் செக்ரட்டரி நான். பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, பாட்டென்றால் உயிரை விடும் என் மனைவியைத் தொடர்ந்து ஆறு வருடம் செருப்பு கவுண்டரிலேயே போட்டேன்.

“ஒரு நாளாவது என்னை உள்ளே போடுங்களேன்” என்றாள் ஒருமுறை.

“செக்ரட்டரி பெண்டாட்டிக்கு மட்டும் சொகுசான்னு கேப்பாங்க.”

“நம்ம வீட்டுக்கு வந்து அந்தச் சொகுசைப் பார்த்துட்டுப் போகச் சொல்லுங்க” என்று சிரித்தாள். பிறகு கேட்கவேயில்லை. கச்சேரி காதில் விழுந்ததா என்று நான் விசாரித்தால், “நல்லாவே கேட்டுது” என்பாள்.

ஐப்பசியில் அவள் இறந்துபோனாள். மார்கழியில் அவள் இடத்துக்கு வேறு யாரையும் எழுத மனம் வராமல் நானே போய் நின்றேன். உள்ளே வயலின் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. செருப்பு கவுண்டரில் ஜெனரேட்டர் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.