கத்தாத பாட்டு

போன வாரம் உளுந்தூர்பேட்டையில் பல் பிடுங்கப் போயிருந்தேன். வாயைப் பிளந்துகொண்டு கிடக்கையில், மேலே ஸ்பீக்கரில் ஒரு கிடார் மெதுவாகக் கேட்டது. யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது. பேஷண்ட் பயப்படாமல் இருக்கத்தான் இதைப் போடுகிறார்களாம். டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லலாமென்றால் வாய் நிறையப் பஞ்சு. சிரிப்புதான் வந்தது.

அதை வாசித்தவர்கள் யார் தெரியுமா? முகத்தில் வெள்ளையும் கரியும் பூசிக்கொண்டு, பிணம்போல வந்து நின்று, தொண்டை கிழியக் கத்துகிற நார்வேக்காரர்கள். பிளாக் மெட்டல் என்று பெயர். முதல் தடவை கேட்கிறவர்கள், யாரையோ வெட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். எனக்குத் தெரிந்து கள்ளக்குறிச்சியில் அவர்களுக்கு மூன்றே ரசிகர்கள். அதில் அடியேன் ஒருவன்.

டாக்டரம்மாவின் ரப்பர் கையுறை மூக்கருகே வந்ததும் பஷீர் ஞாபகம் வந்துவிட்டது. மற்ற இரண்டு ரசிகர்களில் ஒருவன். அவன் அப்பாவின் செருப்புக்கடையில் இருந்தான். அவன்மேல் எப்போதும் புதுச் செருப்பு வாசம் அடிக்கும். பக்கத்துக் கடையில் நான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆள் தணிகைவேல், திருநாவலூரில் நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை. பட்டா நகல் எடுக்க வந்தவன், என் இயர்போனில் கசிந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டான். அப்புறம் எங்கே போவான்?

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. புது ஆல்பம் வந்தால் யாரும் தனியாகக் கேட்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பைக்கில் கச்சிராப்பாளையம் வழியாக மலையேறி, கரியாலூர் பக்கம் ஒரு பாறைமேல் ஸ்பீக்கர் பாக்ஸை வைத்துத்தான் கேட்க வேண்டும். பக்தி எல்லாம் இல்லை. எந்த வீட்டிலும் விடமாட்டார்கள், அவ்வளவுதான். பஷீரின் அம்மா ஒருமுறை ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓதவே ஆரம்பித்துவிட்டார்கள். சித்திரை வெயிலிலும் கறுப்புச் சட்டைதான் போடுவோம். சாயம் என் கழுத்தில் இறங்கியதைப் பார்த்து, தேமல் என்று எங்கள் வீட்டில் களிம்பு வாங்கி வந்தார்கள்.

டாக்டரம்மா போட்ட இந்த ஆல்பம் வந்தபோதும் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். முதல் பாட்டில் வெறும் கிடார். சரி, இனிமேல் கத்துவான் என்று காத்திருந்தோம். இரண்டாவதிலும் கிடார்தான். டிரம் இல்லை, கத்தல் இல்லை, யாரோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தான். பாக்ஸ் போய்விட்டது என்று பஷீர் முடிவே கட்டிவிட்டான். பைக்கிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து, பாறைமேலேயே அதைக் கழற்றிப் போட்டான். மூன்று பேரும் உள்ளே எட்டிப் பார்த்தோம். நல்ல பாக்ஸ். திரும்ப மாட்டிக் கேட்ட பிறகுதான், ஆல்பமே இவ்வளவுதான் என்று புரிந்தது.

தணிகை எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். “இன்னாடா இது, தாலாட்டா?” என்றான். பஷீர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல, நல்லாத்தான் இருக்கு, ஆனாலும், என்று இழுத்தேன்.

உலகமே அப்போது இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இன்டர்நெட்டில் துரோகிகள் என்றான் ஒருவன், இப்போதுதான் அழுதேன் என்றான் இன்னொருவன். அந்தக் கூட்டத்தில் பஷீரும் தணிகையும் போய் அரைகுறை இங்கிலீஷில் மோதிக்கொண்டார்கள். ஏதோ ஒரு பிரேசில்காரன் நடுவில் புகுந்து சமாதானம் பேசினான். ஒரே பாறைமேல் உட்கார்ந்து கேட்கிறவர்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும், பாவம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் பஷீர் சிரித்த முகத்தோடு ஜெராக்ஸ் கடைக்கு வந்தான். அவன் அம்மா அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, யாருப்பா இது, பாவம், இப்படி மனசு ஒடிந்து பாடுகிறான் என்று கேட்டார்களாம். அவன் கேட்கிற பாட்டை வீட்டில் ஒருவர் உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அதைச் சொல்லத்தான் ஓடி வந்திருந்தான்.

அங்கே நின்றிருந்த தணிகை சொன்னான்: “ஒங்கம்மாக்கே புடிச்சிட்ச்சின்னா அது நம்ம பாட்டே இல்லடா.”

பஷீர் முகம் செத்துவிட்டது. “எங்கம்மாவ இன்னாத்துக்குடா இழுக்கற?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் கடைக்குப் போய்விட்டான். அடுத்த ஆல்பம் வந்தால் மலைக்குப் போய்த்தானே ஆக வேண்டும், அப்போது தானாகச் சரியாகிவிடும் என்று நான் இருந்தேன். அடுத்த ஆல்பம் வரவேயில்லை. அந்தக் குழு கலைந்துவிட்டது. எங்களுக்கும் மலையேறக் காரணம் இல்லாமல் போனது. அவர்கள் இரண்டு பேரும் பல வருஷம் பேசிக்கொள்ளவே இல்லை.

போன வருஷம் கடையில் உட்கார்ந்திருந்தபோதே பஷீருக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. தணிகைக்கு நான்தான் போன் செய்தேன். வந்தான். அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனோம். பஷீரின் அம்மா தணிகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

“ஏம்பா தணிக, பாட்டுதான புடிக்கல ஒனக்கு? வூட்டுக்கு வந்துக்கினு போய்க்கினு இருந்திருக்கலாமில்ல?”

தணிகை செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்தான்.

இப்போது நானும் அவனும் அடிக்கடி போனில் பேசிக்கொள்கிறோம். மழை, கரும்பு, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் பேசுவோம். அந்தப் பாட்டு நல்லதா கெட்டதா என்று மட்டும் இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை. நல்லது என்று சொல்லிச் சண்டை போட ஆள் இல்லை.