தெரியாது என்று சொல்லக் கற்ற எங்கள் அண்ணன்

அன்பான உறவுகளே, நண்பர்களே! அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற நாளில் இந்த மலரை உங்கள் கைகளில் தருகிறோம். அழுது வடிகிற மாதிரி எதையும் எழுதி வைக்காதே என்று அண்ணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணன் வாய்விட்டுச் சிரிக்காத வீட்டு விசேஷம் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. ஆகவே அவருடைய ஒரே தங்கையான நான் சிரித்த முகத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது அந்தமானின் பாராடாங் தீவில். எங்கள் அப்பா ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து, படகுத்துறை அருகே மளிகைக் கடை வைத்திருந்தார். லாரியும் பஸ்ஸும் படகில் ஏறக் காத்திருக்கும் நேரத்தில், இறங்கி நிற்பவர்களிடம் கதையடித்தே வளர்ந்தவர் அண்ணன். தமிழ், இந்தி, பெங்காலி மூன்றிலும் வாய் ஓயாது. அப்பா சீக்கிரம் காலமாகிவிட, கடையைப் பார்த்துக்கொண்டே தாமும் படித்து என்னையும் படிக்க வைத்தார். பின்னர் போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை கிடைத்தது. அங்கேயே புரோத்ராபூர் பகுதியில் வீடு கட்டினார், அண்ணியைக் கைப்பிடித்தார், வைஷ்ணவி பிறந்தாள்.

கொரோனா ஊரடங்கு வந்தபோது வைஷ்ணவி மூன்றாம் வகுப்பு. தம் தாயாருக்குக் கால் எலும்பு முறிந்ததென்று அண்ணி மெயின்லேண்டுக்கு, மதுரைக்குப் போயிருந்தார். விமானம் நின்றது, கப்பல் நின்றது, அண்ணி அங்கேயே மாட்டிக்கொண்டார். அப்பாவும் மகளும் தனியாக என்ன கூத்தடிக்கப் போகிறார்களோ என்று அதே ஊரில் மின்னி பே பகுதியில் இருந்த என் வீட்டிலிருந்து நான் பெட்டியோடு வந்து சேர்ந்தேன்.

கூத்துக்குக் குறைவே இல்லை. முதல் நாள் மகளுக்குச் சடை பின்னுகிறேன் பேர்வழி என்று படகைக் கட்டும் முடிச்சைப் போட்டுவிட்டார். அதை அவிழ்ப்பதற்குள் என் நகம் போயிற்று. ஆன்லைன் வகுப்புக்குத் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். மழையில் மகளுக்குக் குடை பிடித்தபடியே நின்று, பாடத்தை இவரும் கேட்பார். டீச்சர் கேள்வி கேட்டால் இவர்தான் முதலில் பதில் சொல்வார்! நெட் இருந்த லட்சணத்தில், வீடியோ காலில் அண்ணி வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நிற்பார். "பாத்தியா பாப்பா, உங்கம்மா வாயத் தெறந்தா மூட மாட்டாங்கன்னு சொன்னேன்ல?" என்பார் அண்ணன்.

ஒரு விஷயத்தில் மட்டும் சறுக்கினார். நம் தீவில் யாரும் எதற்கும் தெரியாது என்று சொல்ல மாட்டோம். வெங்காயம் எப்போது வரும், சைக்கிள் டயர் எப்போது வரும் என்று யார் கேட்டாலும் 'அடுத்த கப்பல்ல வந்துரும்' என்போம். அண்ணன் அதைக் கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க மூன்று மொழியில் சொன்னவர். "அம்மா எப்பப்பா வருவாங்க?" என்று மகள் கேட்டபோது, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பிள்ளை நம்பினாள். ஊர் திரும்ப முடியாமல் கிடந்த நம் மக்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வந்த அன்று, மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு வாசல் கேட்டில் நின்றாள். அண்ணிக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. "அதுக்கென்ன, அடுத்த கப்பல்!" என்றார் அண்ணன். மறுபடியும் கவுன், மறுபடியும் ஏமாற்றம்.

அதோடு வைஷ்ணவி பேச்சை நிறுத்திவிட்டாள். அடம் இல்லை, அழுகை இல்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். தட்டில் சோறு அப்படியே இருக்கும். போனில் அண்ணி "வைஷூ, வைஷூ" என்று கெஞ்ச, இவள் போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அண்ணன் இன்னும் சத்தமாகக் கோமாளித்தனம் செய்து பார்த்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடிக்கூடக் காட்டினார். பிள்ளை வெறித்துப் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் அண்ணனும் நானும் அடுக்களையில் நின்றபோது, டிக்கெட் கவுண்டரில் அவரோடு வேலை பார்த்த நண்பர் போன் செய்தார். "அரே பாய், இந்த தடவையும் பாபிக்கு சீட் இல்ல." அண்ணியைத்தான் பாபி என்பார் அவர். ஸ்பீக்கரில் இருந்த பேச்சை வைஷ்ணவி கதவோரம் நின்று கேட்டுவிட்டாள். அண்ணன் திரும்பி, "அடுத்த..." என்று ஆரம்பித்தார். தரையில் உட்கார்ந்து, அப்பா செத்தபோதுகூட அழாத மனுஷர் தேம்பித் தேம்பி அழுதார்.

வைஷ்ணவி கிட்டே வந்தாள். "அப்பா, பயமா இருக்கா?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டோம்.

"ஆமாடா. அம்மா எப்ப வருவாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே அளந்து விட்டுட்டேன்."

"பொய்யா சொன்ன?" என்று கத்தியவள், அவர் முதுகிலும் தோளிலும் குத்து குத்தென்று குத்தினாள். தடுக்கப் போன என்னை அண்ணன் கை காட்டி நிறுத்தினார். "விடு புள்ள. இவ்வளவு நாள் உள்ள வச்சிருந்தா, வரட்டும்." குத்தி ஓய்ந்து அவர் மடியில் விழுந்து அழுதாள். பிறகு பசிக்கிறது என்றாள். கடவுளே, அந்த ஒரு சொல்லுக்கு நான் பட்ட சந்தோஷம்!

மறுநாள் மனநல டாக்டரம்மா ஒருவருக்குப் போன் செய்து, "பேஷண்ட் என் பொண்ணு இல்ல மேடம், நான்தான்" என்றார் அண்ணன். அதை வெட்கமில்லாமல் தெருவெல்லாம் சொல்லியும் திரிந்தார். டாக்டரம்மாவிடம் பேசிய பின் சாயங்காலம்தோறும் எங்கள் வீட்டில் பஜ்ஜி போடுவோம். அதைத் தின்றுகொண்டே அன்றைய பயத்தை ஆளுக்கொன்று சொல்ல வேண்டும், அது டாக்டரம்மா கொடுத்த யோசனை. "கடலை மாவு தீந்துருமோன்னு பயமா இருக்கு" என்பார் அண்ணன். ஒருநாள் போன் வழியாக அண்ணி, "நான் வரும்போது எம்புள்ள எங்கிட்ட ஒட்டுமோ ஒட்டாதோன்னு பயமா இருக்கு" என்றார். "ஒட்டுவேன். ஆனா மொதல்ல சண்ட போடுவேன்" என்றாள் வைஷ்ணவி. அண்ணி வந்து இறங்கியபோது சொன்னபடியே செய்தாள்.

போன வருடம் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அண்ணன் எங்களை அதட்டினார். மகளைக் கிட்டே அழைத்து, "டாக்டர் கஷ்டம்தான்னு சொல்றாங்கடா. எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். "எனக்கும்தாம்பா. நான் இங்கயே இருக்கேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை அண்ணன் கண் மூடியபோதும் அந்தக் கை அவள் கைக்குள்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு ரத்தம் கொடுத்த டிக்கெட் கவுண்டர் நண்பர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டு அடுப்பை மூட்ட விடாமல் சோறும் குழம்பும் கொண்டுவந்த பெங்காலி, தெலுங்கு, மலையாள அண்டை வீட்டாருக்கும், மெயின்லேண்டிலிருந்து பறந்து வந்த சொந்தங்களுக்கும், பார்த்துக்கொண்ட டாக்டர், நர்ஸ்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இதையும் சேர்த்து எழுதச் சொல்லி வைஷ்ணவி பக்கத்தில் நிற்கிறாள்: வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் தயவுசெய்து அவளிடம் அழாதே என்று சொல்ல வேண்டாம். அழுது முடித்துவிட்டு அவளே வந்து உங்களுக்கு டீ போட்டுத் தருவாளாம்.