பிலிப்பின் இடது காது

இதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கொன்றும் குறையப்போவதில்லை. ஜின் உண்டு என்று குர்ஆனில் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சைக்கிளில் கருவாடு கட்டி விற்கத் தொடங்கி, கல்முனைக்குடியில் சொந்தமாக அரிசி மில்லும் லொறியும் வைத்தவன் நான். மையித்து அடக்குகிற மையவாடி ஓரத்தால் கருவாட்டு நாற்றத்தோடு எத்தனை தரம் தனியாகப் போயிருப்பேன், ஒரு ஜின்னாவது மறித்து எனக்குச் சலாம் சொன்னதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், என்றாலும் கண்ணால் காணாததை நம்புகிற ஆள் இல்லை. அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. எழுபதுகளின் கடைசி, தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஓடிய காலம்.

பிலிப்பு சொறிக்கல்முனையில் வயல் செய்தவன். வேதக் கோயில் பாட்டுக் குழுவில் அவன்தான் முதல் குரல். என் மில்லுக்கு நெல் கொண்டுவந்த முதல் நாளே தவிட்டுக்காக என்னோடு சண்டை பிடித்தான், அதில் தொடங்கிய கூட்டு. நாகூர் தர்காவின் கந்தூரி விழாவில் வருடா வருடம் பாடுகிற ஒரு பாடகரின் குரல் ரேடியோவில் வந்தால் போதும், மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்துவான்.

"உன்ட அரிசி ஓடிப்போகாது மச்சான், பாட்டு ஓடிப்போயிரும்!"

வேறு யாரும் சொன்னால் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். அவனுக்காக நிறுத்துவேன்.

அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. இடது காது அடியோடு செத்துப்போனது. வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகத் தொடங்கியது. மட்டக்களப்பு டொக்டர் மிச்சமிருப்பதும் நெடுநாள் நிற்காது என்றுவிட்டார். கையைக் குழல் போலக் குவித்து வலது காதுக்குள் கத்தினால்தான் விளங்கும். ஒருநாள் மில்லில் வந்து சாக்கின் மேல் இருந்துகொண்டு சொன்னான், "அந்த மனிசனை ஒருக்கா நேரில கேட்டிட்டன் எண்டால், பிறகு பூட்டினாலும் பரவாயில்லை."

நான் வேலையில் இறங்கினால் அரைகுறை கிடையாது. பாஸ்போர்ட், விசா, கப்பல் டிக்கட் எல்லாம் என் கையால் முடித்தேன். கந்தூரிக் கச்சேரி பிறை எட்டாம் இரவு என்று நாகூருக்குப் போய்வந்த ஒரு புடவை வியாபாரி சொல்லியிருந்தார். எங்கள் கடற்கரைப் பள்ளிவாசலிலும் அதே மாதத் தலைப்பிறைக்குத்தான் நாகூர்க் கொடி ஏறும். அந்த நாளிலிருந்து நானே விரல் மடித்து எண்ணினேன். ஒரு நாள் மிச்சம் வைத்துத்தான் புறப்பட்டோம்.

பிலிப்பின் பெண்சாதி வாசலில் நின்று, சொந்த அண்ணனிடம் சொல்வதுபோல என்னிடம் சொன்னாள், "காக்கா, இவரை ரோட்டில தனிய விட்டிராதீங்க. பின்னால ஹோன் அடிச்சாலும் விளங்காது."

அதனால் இந்தியாவில் கால் வைத்ததிலிருந்து புதுப் பெண்ணைக் கூட்டிப்போகிற மாதிரி அவன் கையைப் பிடித்தபடியே திரிந்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான்.

ராமேஸ்வரத்தில் ஒரு கார் பிடித்தோம். தொண்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில், வெயில் இறங்குகிற நேரம், டயர் பஞ்சர். ட்ரைவர் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல பாய். பஸ்ஸ புடிச்சுப் போயி ஒட்டிட்டு வந்துர்றேன்."

"ஸ்டெப்னி பாக்காம வந்த நீ என்ன ட்ரைவர்? என்ட லொறியில எண்டா உன்ன அண்டைக்கே இறக்கியிருப்பன்!"

"இது லாரி இல்ல பாய், காரு" என்றுவிட்டு டயரை உருட்டிக்கொண்டு போனான்.

கச்சேரி நாளைக்குத்தானே என்று நானும் பொறுத்துக்கொண்டேன். அந்தி மஹ்ரிபை நான் ரோட்டோரத்தில் தொழுது முடித்ததும் இருவரும் ஒரு மதகில் உட்கார்ந்தோம். ஆள் நடமாட்டம் இல்லை. பனை ஓலை காற்றுக்கு அடிக்கிற சத்தம் மட்டும்.

திடீரென்று பிலிப்பு, நம்பினால் நம்புங்கள், நல்ல காதை, அந்த வலது காதை, உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். செத்த காதை நாகூர் இருக்கிற வடக்குப் பக்கம் சாய்த்தான்.

"தொடங்கிட்டாங்க மச்சான்."

"என்னத்தடா?" என்று அவன் பொத்திய கையை இழுக்கப் போனேன். தட்டிவிட்டான்.

"கதைக்காத! பாட்டு நடக்குது."

தொடையில் தாளம் போட்டான், கூடவே முணுமுணுத்தான். கண்ணால் தண்ணீர் வழிந்தது, முகம் மட்டும் சிரித்தபடியே இருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பழைய காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்துபோய் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தாளத்தை நிறுத்தினான்.

"மைக் நிண்டு போச்சு... மனிசன் நிப்பாட்டேல்ல மச்சான், வெறும் வாயால பாடுறார். சனம் மூச்சு விடாமக் கேக்குது."

பிறகு, "மைக் வந்திட்டு, வந்திட்டு" என்று கை தட்டினான். எல்லாம் முடிந்ததும் என் கையைப் பிடித்து, "நீ சொல்லிச் சொல்லித் தந்தது நல்லம். சில வரி காத்தோட போச்சு" என்றான்.

பாவம், பாட்டு ஆசையில் மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ட்ரைவர் விடியத்தான் டயரோடு வந்தான். மறுநாள் மத்தியானம் நாகூரில் இறங்கினோம். காலையிலிருந்து அவன் வலது காதும் விழுந்துவிட்டது, எவ்வளவு கத்தியும் விளங்கவில்லை. இரவுக்கு மேடைக்குப் பக்கத்தில் அவனை இருத்தினால் கொஞ்சமாவது கேட்கும் என்ற நம்பிக்கையோடு, கச்சேரி எத்தனை மணிக்கு என்று தர்காவுக்கு முன்னால் அல்வா விற்ற ஒருவரிடம் கேட்டேன்.

"அது நேத்தே முடிஞ்சிருச்சே பாய். பிறை எட்டு நேத்துதான். இங்க பிறை ஒரு நாள் முந்தியே பாத்தாச்சு."

எண்ணியது எங்கள் ஊர்ப் பிறையை. எல்லாவற்றையும் சரியாகச் செய்கிற நான் அந்த ஒன்றைக் கேட்டுப் பார்க்கவில்லை. வெயிலில் அப்படியே தரையில் குந்திவிட்டேன். மேடையைக் காட்டிப் பிலிப்புக்குக் கையை விரித்தேன். அவன் குனிந்து என் தோளில் தட்டினான்.

"அதுக்கேன் அழுறாய்? அதான் நேத்துக் கேட்டமே."

எனக்கு அப்போதுதான் மதகில் இருந்து அவன் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. பாட்டுக்கு நடுவில் மைக் நின்றதா என்று அல்வாக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன பாய், முன்னாடி உக்காந்து கேட்ட நீங்களே எங்கிட்ட கேக்குறீங்க? கரண்டு போயும் மனுஷன் நிறுத்தாமப் பாடுனாரே! நீங்க இந்த அண்ணன் காதுல கையக் குவிச்சு வரிவரியாச் சொல்லிட்டிருந்தீங்க. கூட்டாளின்னா இப்படி இருக்கணும்னு நான் வீட்டுல போயிச் சொன்னேன்."

நாங்கள் நேற்று தொண்டிப் பக்கம் மதகில் இருந்தோம் என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் எப்படிச் சொன்னேன் என்று காட்டுவதற்காக எழுந்து வந்து, பிலிப்பின் காதில் தன் கையைக் குவித்து வைத்தார். இடது காதில். அந்தக் காதுக்குள் நான் ஒருநாளும் கதைத்ததில்லை. செத்த காது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அதன்பிறகு பிலிப்புக்கு எதுவுமே கேட்டதில்லை. அதற்காக அவன் வருந்தி நான் பார்த்ததும் இல்லை. இன்றும் ஒவ்வொரு வருடமும் கொடியேற்றத்துக்குக் கடற்கரைப் பள்ளிக்கு வருவான், மணலில் கடலைப் பார்த்தபடி இருப்பான், தொடையில் தாளம் போடுவான். நானும் பக்கத்தில் போய் உட்காருவேன், எப்போதும் வலது பக்கம்தான். ஒரே ஒருமுறை, வெயில் என்று இடது பக்கம் உட்காரப் போனேன். அவசரமாகக் கையை நீட்டி மறித்தான்.

"அதில நீ இருக்கிறாய் மச்சான். இஞ்சால வா."