குதிரைக்குள் ஒரு மார்கழி

போன வியாழக்கிழமை மத்தியானம் திருவொற்றியூரில் ஆட்டோ ஏறினேன். டிரைவர் கண்ணாடி வழியாக என்னை ஒரு முறை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"தப்பா நெனச்சிக்காத மேடம்... மீன் வாங்கினியா?"

"இல்லைங்க."

"பொடவையெல்லாம் வெள்ள வெள்ளயா முடி கீது. ஆடு கீடு வளக்கிறியா?"

"குதிரை."

"குதிரைக்கு இன்னாத்துக்கு மேடம் மீன் வாசன?"

"ஐஸ்ல நிக்க வெச்சிருக்கோம். மீன் ஐஸ்."

மனிதர் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ராயபுரத்தில் நான் இறங்கும்போது, "ஒடம்பப் பாத்துக்க மேடம்" என்றார். ரொம்ப அக்கறையாக!

அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். அதில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது.

பன்னீரை உங்களில் பலருக்குத் தெரியும். சித்திரை மாதம் இதே பக்கத்தில் அவனைப் பற்றி எழுதியிருந்தேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பன்னீர் ஒரு வெள்ளைக் குதிரை. வயது இருபத்து நான்கு. திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறான். அவனை வைத்திருப்பவர் சூசை அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வாழ்நாள் முழுக்க நூறடி உயரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த மனிதருக்குக் கீழே இறங்கியதும் ஒரு துணை தேவைப்பட்டது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று மனைவியிடம் சொல்லிக் குதிரையை வாங்கினார். முதல் ஊர்வலத்தில் யாரோ முகத்தில் பன்னீர் தெளிக்க, அசையாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றானாம். அதுவே பெயராகிவிட்டது.

எர்ணாவூரிலிருந்து காசிமேடு வரை எத்தனையோ மாப்பிள்ளைகளை முதுகில் ஏற்றியவன். அதனால் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் எந்த நல்ல காரியம் நடந்தாலும் முதல் இனிப்பு பன்னீருக்கு. குழந்தை பிறந்தால் ஒரு கட்டி வெல்லம். பிள்ளை பாஸ் பண்ணினால் வெல்லம். படகுக்குப் புது இன்ஜின் மாட்டினால் வெல்லம். இதையெல்லாம் நான் உருகி உருகி எழுதினேன். கூடவே இன்னொன்றையும் எழுதினேன். 'இந்த வயதிலும் என்ன முடி! சுருள் சுருளாக, பட்டு மாதிரி, விரல் புதைகிற அளவுக்கு...'

அடுத்த ஞாயிறு பெரம்பூர், அண்ணா நகரிலிருந்தெல்லாம் வாசகர்கள் வந்துவிட்டார்கள். கையில் வெல்லத்தோடு.

அதற்கடுத்த வாரம் ஒரு போன். ஒரு கால்நடை டாக்டரம்மா. இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவராம்.

"அழகா எழுதியிருந்தீங்க மேடம். ஆனா... சித்திரை வெயில்ல ஒரு குதிரைக்கு அவ்வளவு முடி இருந்தா அது அழகு இல்லை. நோய். நான் வந்து பார்க்கலாமா?"

வந்தார். பன்னீரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கண்ணுக்கு மேலே விழுந்திருந்த குழியைத் தொட்டார். முதுகெலும்பு தெரிகிற முதுகையும், அதற்குச் சம்பந்தமே இல்லாமல் தொங்குகிற வயிற்றையும் பார்த்தார். தண்ணீர் நிறையக் குடிக்கிறானா என்று கேட்டார். "தொட்டி தொட்டியா குடிக்கிறான்" என்று பெருமையாகச் சொன்னார் சூசை அண்ணன். கடைசியில் குளம்பில் கை வைத்துப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். குஷிங் நோய் என்று வந்தது.

மூளைக்கு அடியில் சின்னதாக ஒரு சுரப்பி இருக்கிறதாம். பகல் நீள்கிறது, கோடை வந்துவிட்டது, முடியை உதிர்த்துக்கொள் என்று உடம்புக்குச் சொல்வதில் அதற்கும் பங்கு உண்டாம். வயதான குதிரைகளில் சிலதுக்கு அந்தச் சுரப்பி தறிகெட்டுப் போய்விடும். வெளியே என்ன வெயில் அடித்தாலும் உடம்பு குளிர்காலத்திலேயே நின்றுவிடும். முடி உதிராது.

யோசித்துப் பாருங்கள். வெளியே அக்னி நட்சத்திரம். கொட்டகைத் தகரம் தொட்டால் சுடுகிறது. உள்ளே ஒருத்தன் மட்டும் மார்கழியில் நிற்கிறான்! அவன் அரைக்கண் மூடி நிற்கும்போதெல்லாம், எங்கோ பனி பெய்கிற ஊரில் நடந்துகொண்டிருக்கிறான் என்றே எனக்குத் தோன்றும். கப்பல் ஊதினால் ஒரு காது மட்டும் இந்தப் பக்கம் திரும்பும். அப்புறம் அதுவும் அங்கே போய்விடும்.

கனவெல்லாம் சரி. டாக்டரம்மா சொன்னது கனவு இல்லை.

"நோய் போகாது. தினம் மாத்திரை கொடுத்துக் கட்டுப்பாட்டுல வைக்கலாம். ஆனா இனிப்பு இவனுக்கு விஷம். நேரா குளம்புக்குத்தான் போகும். குளம்புக்குள்ள வீங்கும். ரொம்ப வீங்கினா உள்ள இருக்கிற எலும்பு கீழே இறங்கிடும். அப்புறம் இவனை நிக்க வைக்க நினைக்கிறதே பாவம். ஊசி போட்டு அனுப்பிடணும்."

சூசை அண்ணன் பன்னீரின் காதைப் பொத்தினார். நிஜமாகவே பொத்தினார்.

அன்றிலிருந்து கொட்டகையில் புதுச் சட்டம். காய்ந்த புல்லை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் போட வேண்டும். புல்லில் இருக்கிற சர்க்கரை கரைந்து போகுமாம். (புல்லில் சர்க்கரை இருப்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.) தரையில் மெத்தென்று மணல். முடி வளர வளர மெஷின் வைத்துக் கத்தரிக்க வேண்டும். அந்த வேலைக்கு வாரம் ஒரு முறை நானும் போவேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் உத்தியோகம். மெஷினின் ரீங்காரத்தில் பன்னீர் தூங்கிப்போவான். வெள்ளை முடி கொத்துக் கொத்தாக விழும். கடல் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் லாரிகளின் மேல் போடும். அந்த ஒரு மணி நேரம் எனக்கு வயதும் தெரியாது, போனும் கேட்காது.

மாத்திரைதான் பெரிய பாடு. வெல்லத்துக்குள் வைக்க முடியாது. வெறுமனே கொடுத்தால் துப்புவான். சூசை அண்ணனும் சுகர் பேஷன்ட். காலையில் ஊறவைத்த வெந்தயம் சாப்பிடுகிறவர். ஒரு நாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால், பன்னீர் மூக்கை உள்ளே விட்டு மொத்த வெந்தயத்தையும் காலி பண்ணியிருக்கிறான்! அப்புறமென்ன... ஊறிய வெந்தயத்தை அரைத்து, அதில் மாத்திரையை உருட்டி, இரண்டு நோயாளிகளும் ஒன்றாக மருந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

எல்லாம் நடந்தது. ஊரை நிறுத்துவதுதான் நடக்கவில்லை.

'இனிப்பு கொடுக்காதீர்கள்' என்று போர்டு மாட்டினோம். போர்டைப் படித்துவிட்டு, "ஒரு துண்டுதானே சார்" என்று நீட்டினார்கள். செல்வி என்று ஒரு பெண்மணி. காசிமேட்டில் மீன் எடுத்துத் திருவொற்றியூர் தெருக்களில் விற்பவள். அவள் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்தது பன்னீர் மேல்தான். ஆனி மாதம் அவள் கொண்டுவந்த வெல்லத்தை சூசை அண்ணன் வாங்க மறுக்க, ஒரே ரகளை.

"இன்னா அண்ணாத்த, எங்கையால குட்த்தா அது வெசமா? ஊர்ல கீறவன் குட்த்தத எல்லாம் துன்னான்ல?"

கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள் அப்புறம் கொட்டகைப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. நான் அவளை மனசுக்குள் கொஞ்சம் திட்டிக்கூட வைத்தேன். சொன்னால் புரியாதா இவர்களுக்கு என்று!

போன புதன் காலை ஏழு மணிக்கு சூசை அண்ணனிடமிருந்து போன். "ம்மா... பையன் நவுர மாட்றான்" என்றார்.

ஓடினேன். பின்னால் யாரோ நாற்காலி போட்டிருப்பது போல, பாரத்தை எல்லாம் பின்னால் சாய்த்து, முன்னங்கால் இரண்டையும் நீட்டியபடி நின்றான் பன்னீர். மூச்சு வாங்கியது. ஒரு அடி எடுத்து வைக்கச் சொன்னால் உடம்பே நடுங்கியது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஐஸ்! உடனே! முன்னங்கால் ரெண்டும், முட்டிக்குக் கீழே வரைக்கும் ஐஸ்ல இருக்கணும். ரெண்டு நாள் எடுக்கவே கூடாது. நான் கிளம்பிட்டேன்."

அந்தக் காலை நேரத்தில் ஐஸுக்கு எங்கே போவது? என் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு ட்ரே இருந்தது. அதைத்தான் நினைத்தேன். அவ்வளவுதான் என் மூளை!

அப்போது கொட்டகை வாசலில் மீன்கூடையோடு செல்வி. கூட்டத்தைப் பார்த்து நின்றவள் பன்னீரைப் பார்த்தாள். கூடையை இறக்கினாள்.

"எத்தினி பொட்டி ஐஸு வோணும்?"

அரை மணி நேரத்தில் காசிமேட்டிலிருந்து ஒரு குட்டி யானை வண்டி வந்து நின்றது. உடைத்த ஐஸ், மீன் அள்ளுகிற நீலத் தொட்டிகள். எல்லோருமாகப் பன்னீரின் கால்களைத் தூக்கித் தொட்டிக்குள் வைத்தோம். செல்வி முழங்கை வரை விட்டு ஐஸை அவன் காலைச் சுற்றி அடைத்தாள். அடைத்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் அண்ணாத்த. திங்கக்கெழம. எம் பையனுக்கு வேல ஆர்டர் வந்துச்சி. நீ டீக்கடைக்குப் போ சொல்ல வந்து... லட்டு குட்த்தேன். ஒரு டப்பா. மொத இனிப்பு இவனுக்குக் குடுக்காம நான் எப்டி வாயில வெப்பேன்? சொல்லு..."

சூசை அண்ணன் கத்துவார் என்று காத்திருந்தோம். அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானுந்தான். தெனம் காலைல பொறை பிஸ்கட்ட டீல நனைச்சி... ரெண்டு. அவன் அப்டிப் பாக்குறான். நான் இன்னா பண்ணுவேன்?"

என் கைப்பைக்குள் தினசரித்தாளில் மடித்த கருப்பட்டி இருந்தது. போகிற வாரமெல்லாம், கத்தரித்து முடித்ததும், யாரும் பார்க்காதபோது ஒரு சின்னத் துண்டு... ஒன்றே ஒன்றுதானே? அவர்கள் இருவரும் சொல்லிவிட்டார்கள். இப்போது நான் சொல்ல வேண்டும்.

"ஐஸ் கரையுது" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன்.

மூன்று பேரும் அவனை உயிராக நினைப்பவர்கள். மூன்று பேருமே, அவரவர் மட்டும்தான் ஒளித்துக் கொடுக்கிறோம் என்று நினைத்தோம். ஊரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

டாக்டரம்மா வந்தார். வலிக்கு ஊசி போட்டார். இரண்டு நாளும் வண்டி வண்டியாக ஐஸ் வந்தது. மார்க்கெட் பெண்கள் முறை போட்டுக்கொண்டு மாற்றினார்கள். முதல் ஒரு மணி நேரம் பன்னீர் நடுங்கினான். அப்புறம் தலை மெல்லத் தாழ்ந்தது. கண் மூடியது. ஐஸிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பி அவன் வயிறு வரை ஏறியது. வெளியே ஆவணி வெயில், லாரிகளின் ஹாரன். உள்ளே அவன் பனியில் நின்றான். இத்தனை மாதமாக உடம்புக்குள் மட்டும் இருந்த மார்கழி ஒருவழியாகக் காலுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அவனுடைய கீழுதடு லேசாகத் துடித்தது. அந்தக் கனவு ஊரில் வலி இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. திரும்பி வந்துவிடு பன்னீர், என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"எலும்பு அசையலை."

சூசை அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அழுதேன், வெளிப்படையாகவே.

"ஜெயிச்சுட்டோம்னு நினைக்காதீங்க. இந்தத் தடவை தப்பிச்சான். அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா.

பெரியவர்களையும் குழந்தைகளையும் நோயாளிகளையும் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? சுகர் இருக்கிற மாமாவுக்கும் ஸ்வீட் பாக்ஸ் வாங்கிப் போகிற ஜனங்கள் நாம். கொடுக்காமலும் பிரியமாக இருக்கலாம் என்பது நமக்குப் பழக்கமே இல்லை. அது கொடுப்பதைவிடக் கஷ்டம்.

அந்தக் கருப்பட்டியைப் பற்றி அவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சூசை அண்ணன் இந்தப் பக்கத்தை எழுத்து விடாமல் படிப்பவர். அண்ணே, நானும்தான்.

செல்வி இப்போது மீன்கூடையோடு கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வியாபாரமும் ஆச்சு, காவலும் ஆச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனேன்.

"யக்கா, கையக் காட்டு."

காட்டினேன்.

"பைய?"

திறந்து காட்டினேன். ஒன்றும் இல்லை. "போ" என்றாள்.

பன்னீர் மணலில் மெல்ல நான்கு அடி எடுத்து வைத்து என்னிடம் வந்தான். இரண்டு உள்ளங்கையையும் மோந்து பார்த்தான். பையை மோந்தான். மறுபடியும் கைக்கு வந்தான். எதுவும் இல்லை என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் தாடையை என் கைகளிலேயே வைத்துக்கொண்டு தூங்கிப்போனான்.

வெறுங்கை இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது!