பிரகாரம் சுற்றிய சேலை

மருத்துவச்சியின் வேலை பிரசவம் பார்ப்பது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. தக்க யோசனைக்குப் பிறகு, மிகுந்த வருத்தத்துடன் இதை மறுக்கிறேன். பெரும்பாலான பிரசவங்கள் நாம் கை கழுவி முடிப்பதற்குள் ஆகிவிடுகின்றன. அதற்கு முந்தைய மாதங்களில் படுத்துக் கிடப்பவளை எழுப்பி நடக்கவைப்பதுதான் வேலை. இந்தத் தொழிலில் அவதிப்படும் சகோதரிகளே, உங்களுக்கும் அப்படியொரு வீடு வாய்த்திருக்கும். மதுரையில் படித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்த எனக்கு, தேரோடும் வீதியில் ஒரு நூல் வியாபாரியின் வீடு வாய்த்தது.

நிறைகுடம்

அந்த வீட்டு மருமகள் கோதை, ராஜபாளையத்துப் பெண். முதல் பிள்ளை இறந்து பிறந்திருந்தது. இப்போது ஐந்தாம் மாதம். காற்று நுழையாத உள்ளறையில் கிடந்தாள். கொல்லைக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது. பாயைச் சுருட்டக்கூட அவளுக்கு அனுமதி இல்லை. பரிசோதித்துப் பார்த்தேன், பயப்பட ஒன்றுமில்லை. காலையும் மாலையும் கொஞ்சம் நடந்தால் உடம்பில் தெம்பு ஏறும் என்றேன்.

மாமியார் நாச்சியாரம்மாள் நெஞ்சில் கைவைத்துச் சுவரில் சாய்ந்தார். ஒரு கணம், வைத்தியம் யாருக்குப் பார்ப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. பிறகு அவருக்குக் குரல் வந்தது: “தளும்பத் தளும்ப நெறகொடம் வச்சிருக்கவளக் குலுங்கி நடக்கச் சொல்லுதியளே, நீங்க நெசமாவே படிச்சவியதானா?”

உட்கார்ந்த கும்மி

நாச்சியாரம்மாளின் கடைசி மகள் வடிவு. பெரியவளாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்று முதல் ஓட்டம் இல்லை, பாண்டியாட்டம் இல்லை. மாதாமாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். மருமகள் விஷயத்தில் தோற்ற நான், மகள் விஷயத்தில் தந்திரம் செய்தேன். தேகப்பயிற்சி என்று சொல்லவில்லை. தினமும் கொல்லையில் கும்மி கொட்டட்டும் என்றேன். கும்மியை மறுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? உடனே சம்மதித்தார்.

அடுத்த வாரம் போனேன். வடிவு முக்காலியில் உட்கார்ந்து, மடிக்கு மேலே கைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் உயிரில்லை. நான் வாயடைத்து நின்றதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நாச்சியாரம்மாள் விளக்கினார்: “கும்மிக்குச் சத்தம் கையிலதான வருது? வயசுப்பிள்ள காலத் தூக்கி ஆடுனா அடுத்த வீட்டுக்காரி என்ன நெனப்பா?”

வேண்டுதல்

வைத்திய சாஸ்திரம் தோற்ற இடத்தில் பக்தியை அனுப்புவது என்று முடிவு செய்தேன். “சுகப்பிரசவம் ஆகணும்னு ஆண்டாள் கோயில் பிரகாரத்தைத் தினமும் சுத்துறதா வேண்டிக்கோங்கம்மா” என்றேன். நாச்சியாரம்மாளின் கண் கலங்கிவிட்டது. “இத மொதல்லயே சொல்லப்படாதா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிரகாரத்தைவிடச் சிறந்த நடைபாதை இந்த ஜில்லாவில் கிடையாது. பெருக்கிய தளம், நிழல், எங்கே போகிறாய் என்று கேட்கும் ஆண்கள் இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சியபடி ஒரு காலை கோயிலுக்குப் போனேன்.

பிரகாரத்தில் நடந்துகொண்டிருந்தவள் அந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கும் ரெங்கம்மா. புண்ணியம் விலாசம் தவறிவிடக் கூடாது என்பதற்காகக் கோதையின் சேலையை மடித்துத் தோளில் போட்டிருந்தாள். அது அந்தப் பக்கத்து வழக்கம்தான். உடையவர் வர முடியாவிட்டால் உடுப்பு வரலாம். நான் அவளை மறித்தேன். ரெங்கம்மா நிற்காமலே சொல்லிவிட்டுப் போனாள்: “கொடங்கொடமாத் தண்ணி சொமந்தாச்சு, மாவாட்டியாச்சு, இப்ப அவிய நடையையும் நாந்தான் நடக்கேன். பிள்ளைய மட்டும் சின்னம்மாவே பெத்துக்கிடட்டும், தாயி!”

கோதை வாய் திறந்தது

நேரே அந்த வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். நடக்காததால்தான் முதல் பிள்ளை போயிற்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எந்தப் புத்தகமும் எனக்கு அதிகாரம் தரவில்லை. இவள் உடம்பு இப்படியே தேய்ந்தால் வலி வரும் நாளில் தாங்காது என்பதை மட்டும் சொன்னேன். நாச்சியாரம்மாள் அசையவில்லை. “ஒண்ண மண்ணுல வச்சவ நான். இன்னொண்ணையும் வைக்கச் சொல்லுதியளா?” என்று குரல் உடையக் கேட்டார்.

பதில் உள்ளறையிலிருந்து வந்தது. கோதை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் மாமியார் முன்னால் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. “போன தடவையும் படுத்துத்தான் கெடந்தேன், அத்தை. பொறவு எந்திரிச்சு வந்தது நான் மட்டுந்தான்.”

காலை வேளை

மறுநாள் பிரகாரத்தில் கோதை நடந்தாள். விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் அவள் கையைப் பிடித்தபடி நாச்சியாரம்மாளும் நடந்தார். இருவரையும் தனியே விட மனமில்லாமல் வடிவும் நடந்தாள். வீதியே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. வில்வண்டியில் போகும் பெரிய வீட்டுப் பெண்கள் இப்படித் தெருவில் இறங்கலாமா என்று கேட்டவளிடமெல்லாம், “சாமியிட்டப் போயிக் கேளுட்டி” என்றார் நாச்சியாரம்மாள். மாதம் ஏற ஏற நடை மெதுவானது, நிற்கவில்லை.

வலி வந்த அன்று கோதை தாங்கினாள். குழந்தை பிறந்து, என் கையில் வழுக்கி, ஒரு கணம் ஊமையாகக் கிடந்தது. அந்த ஒரு கணத்தில் படித்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. பிறகு வீடு அதிர வீரிட்டது. யாரோ சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்க ஓடினார்கள். நாச்சியாரம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து தடுத்தார்: “யாரும் அமத்தாதிய. அழட்டும். செத்த நேரம் கேட்டுக்கிடுதேன்.”

அந்த வீட்டுப் பெண்கள் இன்றும் கோயிலுக்கு நடந்தே போய் வருவதால், வில்வண்டி மாடுகள் வேலையின்றிக் கொழுத்துவிட்டன, அவற்றைத் தினமும் நடத்திக் கூட்டிப்போகும்படி மாட்டு வைத்தியர் சொல்லியிருக்கிறார்.