துடைப்பக் கம்பைச் சுற்றி வளைந்த குழாய்கள்

என் கொழுந்தன் ஆர்லிஸைப் பற்றி எங்கள் ஊரான ஆயில்டேலில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். எந்தக் கதையைக் கேட்டாலும் அவன் கூடப்பிறந்த அண்ணனைக் கொல்லப் பார்த்தவன். அந்த அண்ணனுக்குப் பெண்டாட்டி நான். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவள்தான். மற்றவர்கள் எழுத்துப் படித்த வயதில் நான் பருத்தி எடுத்தேன். ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் நின்றவள் நான். ஆகவே நான் சொல்கிறபடிதான் இது இருக்கும். வேறு மாதிரி கேட்டவர்கள் அதை மறந்துவிடலாம்.

ஆர்லிஸுக்குத் திக்குவாய். ஒக்லஹோமாவிலிருந்து பஞ்சம் பிழைக்கக் கார் மேல் மெத்தையைக் கட்டிக்கொண்டு எல்லோரும் இங்கே வந்தபோது அவன் கைக்குழந்தை. பேச ஆரம்பித்த நாளிலிருந்து சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். அறைந்தால் சரியாகிவிடும் என்று என் மாமனார் அறைந்து பார்த்தார். அவர் கை ஓய்ந்தபோது என் வீட்டுக்காரர் டெல்மர் தொடங்கினார். அவர் அடிக்கமாட்டார். அவனைப் பார்த்து மற்றவர்களைச் சிரிக்கவைப்பார்.

சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பி எப்போதும் டெல்மர் கைப்பக்கம்தான் இருக்கும். அவித்த பீன்ஸும் சோளரொட்டியும் வைத்திருப்பேன். ஆர்லிஸ் கையை நீட்டினால் டெல்மர் குப்பியை உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

"என்ன வேணும்? வாயால கேளு."

"உ... உ... உ..."

"உலக்கையா? உரலா? ஓலீட்டா, உன் கொழுந்தனுக்கு என்னமோ வேணுமாம்டி, எடுத்துக் குடு."

முழுச் சொல்லும் வந்தால்தான் உப்பு. நான் எழுந்துபோய் இன்னொரு கிண்ணத்தில் உப்பைக் கொட்டி ஆர்லிஸ் முன்னால் வைப்பேன். "நீ குடுத்துக் குடுத்துத்தான் அவன் ஊமையாயிட்டான்" என்பார் டெல்மர். சில நாள் ஆர்லிஸ் கேட்காமலேயே உப்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவான்.

அவனுக்கென்று ஒரு பொருள் கிடையாது. செருப்பு, கோட்டு, கட்டில் எல்லாம் டெல்மர் போட்டுக் கழித்தவை. எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களைப் பற்றவைத்து ஒட்டுகிற யார்டில் வேலை, எங்கள் வீட்டுப் பின்னறையில் படுக்கை. மாமனார் சாகும்போது தன்னுடைய முப்பத்துநாலாம் வருஷத்து ஃபோர்டு காரை "பசங்க ரெண்டு பேருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எஞ்சின் செத்த கார். கொல்லையில் கோழி முட்டையிடும் வண்டி. டெல்மர் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை, ஆர்லிஸ் பார்க்க ஆரம்பிக்கும்வரை.

விபத்தில் நசுங்கிய ஓல்ட்ஸ்மொபீல் காரின் எஞ்சின் ஒன்று ஆர்லிஸுக்குக் கிடைத்தது. மலைவேம்புக் கிளையில் சங்கிலி போட்டுத் தூக்கி, ஃபோர்டுக்குள் தனியாளாக இறக்கிவிட்டான். அப்போதுதான் டெல்மருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் கண் திறந்தது. அவர்களும் பழைய காரைப் பிரித்துப் பெரிய எஞ்சின் வைத்துப் பந்தயம் ஓடுகிறவர்கள்தான். முதுகில் ஒரே பெயர் தைத்த சட்டை போட்டுக்கொண்டு சனிக்கிழமைதோறும் எங்கள் கொட்டகையில் பீர் குடிக்க வருவார்கள். ஹோமர் என்று ஒருவன் அவர்களுக்குத் தலை. காரைத் தனக்கு விற்கச் சொல்லி டெல்மரை நச்சரித்துக்கொண்டிருந்தான்.

டெல்மர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கேட்டுக்கடா தம்பி. பருத்தி முடியறதுக்குள்ள இது பந்தய ரோட்டுல ஒரு தரம் முழுசா ஓடணும். ஓடுச்சுன்னா வண்டி உனக்கு, நான் பங்கு கேக்கமாட்டேன். ஓடலைன்னா ஹோமருக்கு வித்துடுவேன். சரியா?"

ஆர்லிஸ் தலையாட்டினான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கழித்துப் போடாத ஒன்று முதன்முதலாகக் கைக்கு வரப்போகிறது.

எஞ்சினோடு வந்த, புகையை வெளியேற்றுகிற வார்ப்பிரும்புக் குழாய்கள் ஃபோர்டின் சட்டத்தில் இடித்தன. ஆகவே பக்கத்துக்கு நாலு குழாய் வளைத்து, நாலையும் பின்னால் ஒரே குழாயில் சேர்க்கவேண்டும். ஹெடர் என்பார்கள். கடையில் வாங்கினால் இந்த எஞ்சினும் இந்தக் காரும் சேர்ந்த ஜோடிக்குப் பொருந்தாது. வீட்டில்தான் செய்தாக வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து டெல்மர் தாமாகவே உதவிக்கு வந்தார். "ஸ்டியரிங் பெட்டி தேஞ்சுபோச்சுடா, சக்கரம் ஆடுது. கழட்டிக் குடு, எனக்குத் தெரிஞ்ச ஆளுகிட்ட சரிபண்ணித் தரேன்." ஸ்டியரிங் சக்கரத்தைத் தாங்குகிற தண்டோடு பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். தண்டு வருகிற இடம் தெரியாமல் குழாயை எப்படி வளைப்பது என்று ஆர்லிஸ் திக்கித் திக்கிக் கேட்டான். டெல்மர் நேரே என் அடுப்படிக்கு வந்து துடைப்பத்தை எடுத்தார், தலையை அறுத்தார், கம்பைக் கொண்டுபோய்ச் சட்டத்துக்கும் முன்பலகைக்கும் நடுவில் கம்பியால் இறுக்கிக் கட்டினார்.

"இதாண்டா தண்டு. இதைத் தொடாம மத்த இடமெல்லாம் உன் இஷ்டம்."

ஹோமரும் இன்னும் இரண்டு பேரும் பக்கத்தில்தான் நின்றார்கள். ஹோமர் பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்குத் துடைப்பம் போன கோபம்தான் இருந்தது. கார் சமாச்சாரம் எனக்கென்ன தெரியும்? உண்மையான தண்டு அந்தக் கம்பிலிருந்து ஒரு கையகலம் எஞ்சின் பக்கமாக வரும். அந்தக் கொட்டகையில் அதை அறியாதவர்கள் நானும் ஆர்லிஸும்தான். அதுவரை அவன் பிரித்ததெல்லாம் எண்ணெய்க் குழாய், காரில் இதுதான் முதல் வேலை. சொன்னவர் சொந்த அண்ணன், நம்பிவிட்டான்.

பிறகு என் வீட்டில் எந்தச் சாமானும் தப்பவில்லை. ஆற்று மணலை என் ரொட்டித் தட்டில் பரப்பி ரொட்டி சுடுகிற அடுப்பில் வைத்து வறுத்தான். ஈரமணல் என்றால் குழாய் சூடேறும்போது வெடிக்குமாம். காய்ந்த மணலைக் குழாயில் கெட்டியாக இடித்து நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டையை அடித்து அடைத்து, நெருப்பைக் காட்டிச் சிவந்ததும் பழைய சக்கர வளையத்தைச் சுற்றி வளைப்பான். மணல் இருப்பதால் வளைவில் குழாய் நசுங்காது. துணி மாட்டும் கம்பிகளெல்லாம் பற்றவைக்கிற கம்பியாகக் கரைந்துபோயின. ஞாயிற்றுக்கிழமை உடுப்புகள் நாற்காலி முதுகில் கிடந்தன.

"இனி என்னையும் உருக்கித்தான் நீ கார் ஓட்டணும் போலருக்கு" என்று திட்டினேன்.

"மு... முதல் சவாரி உ... உங்களுக்குத்தான் அண்ணி."

குழாயை எஞ்சின் மேலேயே பொருத்திப் பார்த்து, அங்கங்கே ஒரு புள்ளி மட்டும் பற்றவைத்து, கழற்றி மேசையில் வைத்து இணைப்பை முழுதாகப் பற்றவைத்து மூடுவான். மூடும்போது, எஞ்சினோடு பொருந்துகிற அடித்தட்டைக் கனத்த இரும்பில் போல்ட்டால் பூட்டிவிடுவான், சூட்டில் கோணாமல் இருக்க. அப்புறம் குழாய்க்குள் விரலைவிட்டுத் தடவித் தடவி உள்பக்கத்தை அரத்தால் ராவுவான்.

"உள்ள யாருடா பார்க்கப்போறா?"

"பு... புகை பார்க்கும் அண்ணி."

கடைசியில் அந்த நாலு குழாய்களும் துடைப்பக் கம்பைச் சுற்றிக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று உரசாமல், நாலு பாம்பு ஒரே பொந்துக்குள் போகிற மாதிரி போயின. எனக்கே தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. இரண்டு பக்கமும் பூட்டிவிட்டு, கம்பை அவிழ்த்து எடுத்து என்னிடம் நீட்டிச் சிரித்தான்.

அந்தச் சனிக்கிழமை டெல்மர் ஸ்டியரிங் பெட்டிக்குக் கறுப்புச் சாயம் அடித்துக் கொண்டுவந்தார். கூட்டம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஆர்லிஸ் தண்டை உள்ளே விட்டான். இடித்தது. வெளியே எடுத்து வேறு வாட்டத்தில் விட்டான். இடித்தது. நடுவில் இருந்த இரண்டு குழாய்களும் சரியாகத் தண்டு போகவேண்டிய வழியில் நின்றன. திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்தான். முதலில் சிரித்தது ஹோமர்தான்.

"என்னடா தம்பி, தண்டு வளந்துடுச்சா?" என்றார் டெல்மர். "ஒண்ணும் கவலைப்படாத. உங்க அண்ணிகிட்ட துடைப்பம் இருக்கு, அதைப் புடிச்சு ஓட்டிட்டுப் போ."

ஹோமர் முழங்காலில் விழுந்து தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். ஒருவன் பீரைத் துப்பினான். நான் வாசலில் அந்தக் கம்போடு நின்றேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆர்லிஸ் யாரையும் பார்க்கவில்லை. புதிதாக வளைக்க நேரமில்லை, பருத்தி முடிந்துகொண்டிருந்தது. நெருப்பைப் பற்றவைத்தான். அந்த இரண்டு குழாய்களையும் செக்கச்சிவக்கக் காய்ச்சி, சுத்தியலை எடுத்து, தானே ராவி வைத்த வளைவுகளைத் தானே அடித்து நசுக்கினான். ஒவ்வொரு அடிக்கும் அவன் தோள் மட்டும் ஏறி இறங்கியது. சிரிப்பு தானாக அடங்கியது. தண்டு நுழைந்தபோது அதற்கும் குழாய்க்கும் நடுவில் தீப்பெட்டி அட்டை போகிற இடம் இருந்தது. சக்கரம் தாராளமாகத் திரும்பியது.

அன்று நான் பீன்ஸ் சட்டியை முழுசாக ஆர்லிஸ் முன்னால் வைத்தேன். டெல்மருக்குப் பரிமாறவில்லை. "விளையாட்டுக்குப் பண்ணினதுக்கு இவ்ளோ கோபமா?" என்றார்.

"துடைப்பத்தை ஒட்டவச்சுக் கொண்டாங்க, அப்புறம் சோறு" என்றேன். அவர் கடையில் போய்த் தின்றார்.

மறுநாள் மூடுபனி விலகியதும் ஃபோர்டைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு பந்தய ரோட்டுக்குப் போனோம். ஆர்லிஸ் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினான். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. மார்புக்கூட்டுக்குள் யாரோ கட்டை உருட்டுகிற மாதிரி. பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாம் வந்து கூடினார்கள். டெல்மரின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். எஞ்சின் சூடேறட்டும் என்று ஆர்லிஸ் விட்டுவைத்துவிட்டு, சக்கரத்தை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தான். இன்னொரு தரம் திருப்பினான். சட்டென்று எஞ்சினை நிறுத்தி இறங்கி, மூடியைத் திறந்து உள்ளே குனிந்தான்.

அந்த நேரத்தில் டெல்மர் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

"மூத்தவன் நான் இருக்கேன். முதல் ஓட்டம் என்னுது."

ஆர்லிஸ் ஓடிவந்து கதவைப் பிடித்தான். "அ... அண்ணே, சூ... சூ... சூ..."

"யாரைடா சூ சூன்னு வெரட்டுற? என்னையா, நாயையா?"

கூட்டம் குபீரென்று சிரித்தது. முன்பின் தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள். ஹோமர் நாய் மாதிரி குரைத்துக் காட்டினான். ஆர்லிஸின் வாய் இன்னும் கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அப்புறம் வாயை மூடினான். எஞ்சின் மூடியைச் சாத்தினான். கைகளைக் கந்தலில் நன்றாகத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றான்.

டெல்மர் எஞ்சினைக் கிளப்பினார். கார் அம்பு மாதிரி போனது, நேர் ரோட்டில். ரோடு முடிகிற இடத்தில் இடப்பக்கம் திரும்பி வரவேண்டும். அது திரும்பவில்லை. சூட்டில் இரும்பு வளரும். வளர்ந்த குழாய் தண்டைக் கவ்விக்கொண்டது. சத்தம் அப்படியே போய்ப் பாசனக் கால்வாயின் சிமெண்டுக் கரையில் நின்றது.

டெல்மர் பிழைத்தார். ஸ்டியரிங் சக்கரம் தாடையை இரண்டாக உடைத்து, பற்களை உள்ளே தள்ளி, நாக்கில் பாதியைத் துண்டாக்கிவிட்டது. இடுப்பும் ஒரு கையும் போயின. காரை இரும்புக்குப் போட்டார்கள்.

போலீஸ்காரர் தண்டில் உரசின தடத்தைக் கண்டுபிடித்தார். குழாயைத் தண்டை ஒட்டி அடித்தது யார் என்று கேட்டார். ஹோமர் முன்னால் வந்து, "ஆர்லிஸ் அடிச்சான், நாங்க எல்லாம் பார்த்தோம்" என்றான். பார்த்தான்தான், பொய்யில்லை. துடைப்பக் கம்பைப் பற்றி மட்டும் அவன் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் தேவாலய வாசலில் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். கம்பு என்னிடம் இருக்கிறது. யாருக்காவது சந்தேகமென்றால் வந்து பார்க்கலாம், கம்பி கட்டின தழும்புகூட இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அடுப்படியில் ஆர்லிஸ் என்னிடம் பேசினான். அவனுக்கு வெகுநேரம் ஆனது, நான் குறுக்கே பேசவில்லை.

"சூ... சூடாயிட்டா சக்கரம் பிடிக்குதுன்னு சொ... சொல்லத்தான் போனேன் அண்ணி. ஒரு தரம் சொன்னேன். ரெ... ரெண்டாந்தரம் சொல்லியிருக்கலாம். நே... நேரம் இருந்துச்சு. சொ... சொல்லல."

"சாப்பிடு" என்றேன். வேறென்ன சொல்வேன்? அவன் வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். மூடியதையும் பார்த்தேன். இரண்டும் உண்மைதான். அந்தக் கம்பைப் பற்றி ஹோமர் வாய் ஒரு தரம்கூடத் திறக்கவில்லையே, அதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

ஆர்லிஸ் அதற்கப்புறம் கார் பக்கம் போகவில்லை. யார்டுக்குப் போகிறான், வருகிறான். அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறான், சவரம் செய்துவிடுகிறான், படுக்கையில் புண் வராமல் புரட்டிப்போடுகிறான். பாதிரியார் அவன் பொறுமையை மெச்சுகிறார். அவர் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

உப்புக் குப்பி இப்போது ஆர்லிஸ் கைப்பக்கம் இருக்கிறது. மேசையருகே தூக்கி உட்காரவைத்தால் டெல்மருக்கு ஒரு கை மட்டும் வரும். அதை நீட்டுவார். ஆர்லிஸ் குப்பியை எடுத்து, முழங்கையை மேசையில் ஊன்றி, உயர்த்திப் பிடித்துக்கொள்வான். நான் இன்னொரு கிண்ணத்தில் உப்பு வைத்துப் பார்த்தேன். வைத்த கையோடு அதை எடுத்துத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். அப்புறம் நானும் வைக்கவில்லை.

"உ..." என்பார் டெல்மர். எச்சில் வழியும். கண் சிவக்கும். "உ... உ..."

"சொல்லுண்ணே" என்பான் ஆர்லிஸ். "ஒண்ணும் அவசரமில்ல."

இதைச் சொல்லும்போது மட்டும் அவனுக்குத் திக்குவதே இல்லை.