சைபருக்கும் கீழே ஒரு காற்று

கூரை பறந்துபோன வீட்டின் படம் கையில் கிடைத்தால் ஏகாம்பரம் கூரையைத் தேடுவதில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய், சுவர் நின்ற இடத்தில் ஆணி தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால், அது வளைந்திருக்கிறதா, பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறதா, அல்லது அடிக்கவே இல்லையா என்பது அடுத்த கேள்வி. காபி ஆறிப்போகும். அக்கா எல்லம்மா டம்ளரை எடுத்துப்போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்து வைப்பாள், அதுவும் ஆறும். கடைசியில், "எஃப் ரெண்டு. அதுக்கு மேல போவாது," என்பார். டெக்ஸாஸில் ஏதோ ஒரு வீட்டுக்காரனுக்கு வந்த துயரம் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இப்படி முடிவாகும்.

தொழில் ஷாமியானா வாடகை. கல்யாணம், காதுகுத்து, சர்ச் திருவிழா, சாவு, எதுவானாலும் அந்தத் தெருக்களுக்குத் துணிக்கூரையும் நாற்காலியும் அண்டாவும் அவர் கடையிலிருந்துதான் போகும். திரும்பி வந்த துணியை மாடியில் விரித்து, வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து, ஓட்டை தேடித் தைப்பது எல்லம்மாவின் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் அவள் தைத்த இடத்தை அவளாலேயே மறுபடி கண்டுபிடிக்க முடியாது. தம்பி எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர் என்பதை இன்றும் புது ஆட்களிடம் மூன்றாவது வாக்கியத்துக்குள் சொல்லிவிடுவாள்.

இந்தக் கிறுக்கு காக்ஸ் டவுன் பழைய பேப்பர் கடையில் பிடித்தது. தட்டு சுற்றி வைக்கக் காகிதம் வாங்கப் போனவர், எடைக்கு வந்திருந்த ஓர் அமெரிக்கப் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தார். சுழல்காற்று அடித்து ஓய்ந்த ஊர்களின் படங்கள். கூடவே ஓர் அட்டவணை. காற்றை யாரும் நேரில் அளப்பதில்லையாம். அது விட்டுப்போன சேதத்தைப் பார்த்து, எஃப் என்ற எழுத்தோடு சைபரிலிருந்து ஐந்து வரை எண் போடுகிறார்களாம். சைபர் என்றால் மரக்கிளை முறியும். ஒன்று என்றால் ஓடு பறக்கும். இரண்டில் கூரை முழுசாகப் போகும். ஐந்தில் வீடு இருந்த இடத்தில் தரை மட்டும் மிஞ்சும். ஏகாம்பரம் அன்று தட்டு சுற்றக் காகிதம் வாங்கவில்லை.

பத்திரிகையின் ஓரத்தில் கன்ஸாஸ் மாநிலத்து முகவரி ஒன்று இருந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், உலகத்தில் எங்கே சுழல்காற்று அடித்தாலும் படமும் செய்தியும் சேர்த்து எண் போடும் ஆர்வலர்களுக்காக ஒரு சிறு குழு நடத்தினார். ஏகாம்பரம் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எழுதினார். பத்திரிகைப் படத்தில் இருந்த ஒரு வீட்டைத் தரையோடு பிடித்திருந்த போல்ட் என்ன கனம், வாஷர் போட்டிருந்ததா, இதுதான் கடிதம். தபால்காரர் காரை எடுத்துக்கொண்டு இடிபாட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டுப் பதில் போட்டார்: வாஷர் இல்லை. அன்றிலிருந்து குழுவில் இவரும் ஓர் ஆள். சாமி படத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் கடிதத்தை எல்லம்மா கண்ணாடி போட்டு மாட்டினாள்.

கேட்பவர்களுக்கெல்லாம் ஏகாம்பரம் சொல்வது ஒன்றுதான். "காத்து இன்னா பண்ணுச்சுன்னு அப்புறம் பாக்கலாம். கட்டினவன் இன்னா பண்ணான்னு மொதல்ல பாரு." நல்லாக் கட்டாத வீடு சின்னக் காற்றுக்கே போய்விடும், அதற்குப் பெரிய எண் போட்டால் காற்றுக்கு இல்லாத பெருமை சேரும். பங்களாதேஷில் தகரக் கொட்டகைகள் பறந்த படங்கள் வந்தால் அவர் எண் போடவே தயங்குவார். தகரத்தைக் கல் வைத்து நிறுத்தியிருந்தார்களா, கம்பியால் கட்டியிருந்தார்களா என்று சொல்ல அங்கிருந்து ஒருவரும் எழுதவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் சாப்பாடு சரியாக இறங்காது.

வீட்டிலும் எண்தான். மிக்ஸி மூடி தெறித்துச் சட்னி கூரைக்குப் போனால் எஃப் ஒன்று. சித்தூர் சொந்தக்காரர்கள் நான்கு பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் தங்கிப் போனால் எஃப் நாலு, "செவுரு நிக்குது, அதனால அஞ்சு குடுக்க முடியாது." எல்லம்மாவின் கோபத்துக்கும் எண் உண்டு. ஒரு தடவை அவள் அண்டாவை உருட்டிவிட்டபோது ஒன்றரை என்றார். அரை எல்லாம் கிடையாது என்று அட்டவணையை எடுத்துக் காட்டி அவளே இரண்டாக ஏற்றிக்கொண்டாள்.

இவ்வளவுக்கும் அவர் ஒரு சுழல்காற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. பெங்களூரில் காற்று என்பது சாயங்காலம் துணி காய வைப்பதற்கு. குழுவின் உலகப் படத்தில் எண் போட்ட இடத்திலெல்லாம் சிவப்புப் புள்ளி உண்டு. பெங்களூர் வெள்ளையாகக் கிடந்தது. ஒரே ஒரு புள்ளி, அதுவும் தன் கையால். இந்த ஆசையை அவர் வெளியே சொன்னதில்லை. ஆனால் மே மாதத்தில் மேகம் கறுத்தால் மாடிக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறாள் எல்லம்மா.

தொண்ணூற்றொன்பது மே மாதம் ஓக்லஹோமாவில் பெரிய சுழல்காற்று அடித்தது. படங்கள் இண்டர்நெட்டில் வந்துகொண்டே இருந்தன. கம்மனஹள்ளி பிரவுசிங் சென்டரில் ஒரு கம்ப்யூட்டரை ஏகாம்பரம் மாலைதோறும் பிடித்து வைத்திருந்தார். அந்த வாரத்தில்தான் பின்தெரு ரங்கநாதன் வீட்டுக் கல்யாணம். பெண் தாரணி, மாப்பிள்ளை கிரண். ஒரே ஆபீஸில் வேலை பார்த்து, அவர்களே முடிவு செய்துகொண்டது. கிரணின் அம்மா லட்சுமம்மா மல்லேஸ்வரத்துக் கன்னடக்காரர்; தமிழ்ப் பெண் என்பதை விழுங்கவே அவருக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதல்நாள் வரவேற்புக்கு வீட்டுப் பக்கத்துக் காலிமனையில் ஏகாம்பரம் ஷாமியானா போட்டார். மேற்கே தெருவாசல் திறப்பு, மற்ற மூன்று பக்கமும் படுதா. போட்டு முடித்ததும் கம்மனஹள்ளிக்குப் போய்விட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் தாரணி பட்டுப்புடவையில் வீட்டுக்குள்ளிருந்து வந்து, கிழக்குப் படுதாவை ஓரமாக விலக்கிப் பந்தலுக்குள் கால் வைத்தாள். அப்போதுதான் மழைக்கு முந்தைய காற்று ஒன்று தெருவழியே வந்தது. ஷாமியானா ஒரு மூச்சு இழுத்ததுபோல் உப்பி எழுந்தது, கொஞ்சம் யோசித்தது, அப்படியே கிழக்கே சாய்ந்து படுத்துக்கொண்டது. யாருக்கும் அடி இல்லை. ஓர் அண்டா பாயசம் போயிற்று. நாதஸ்வரக்காரர் துணிக்கடியிலிருந்து கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டிருந்தார்.

துணிக்கு வெளியே முதலில் கேட்ட குரல் லட்சுமம்மாவுடையது. "ஹுடுகி காலிட்டளு, சப்பர பித்து." பெண் கால் வைத்தாள், பந்தல் விழுந்தது. அதை அவர் கத்தவில்லை. பஞ்சாங்கம் படிப்பதுபோலச் சொன்னார். இந்த அபசகுனத்துக்கு மேல் நாளைக்கு முகூர்த்தம் வேண்டாம், பெரியவர்களைக் கேட்டுவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு என்றால் எப்போதுமே இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. தாரணி பாயசம் படிந்த புடவையோடு நின்றாள்.

ரங்கநாதனுக்குத்தான் அந்த யோசனை தோன்றியது. ஆளனுப்பி ஏகாம்பரத்தை வரவழைத்தார். விழுந்த பந்தலைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீங்க உலகத்துக் காத்துக்கெல்லாம் நம்பர் போடறவரு. இதுக்கும் ஒரு நம்பர் சொல்லிடுங்க. மூணு போதும். பெரிய காத்துன்னு ஆயிட்டா என் பொண்ணு மேல பேச்சு இல்ல."

தாரணியின் தாய்மாமன் ஷங்கர், கேட்பதைக் கொஞ்சம் கூட்டியே கேட்க வேண்டும், நாலில் ஆரம்பித்தால்தான் இரண்டிலாவது படியும் என்றார். லட்சுமம்மாவும் கிட்டே வந்தார். அவருக்கும் ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்ததுபோல. "ஏனப்பா, அமெரிக்காவுல வர்ற காத்தா இது? அப்படீன்னா வேற விஷயம்."

வரவேற்புக்கு வந்திருந்த எல்லம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பெண்ணின் கல்யாணம், கடையின் பெயர், உலகப் படத்தில் பெங்களூரின் புள்ளி, மூன்றும் ஒரே எண்ணில் கிடைக்கும். அவளே அவர் தோளுக்கு எட்டி, "ஒண்ணுன்னு சொல்லேன்டா, யாரு கேக்கப் போறாங்க," என்றாள்.

"பாத்துட்டுச் சொல்றேன்க்கா," என்றார் ஏகாம்பரம்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர் முன்னால் போக, இரண்டு வீட்டாரும் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். அவர் குனிந்தால் அவர்களும் குனிந்தார்கள். நாற்காலிகள் எந்தப் பக்கம் கவிழ்ந்திருக்கின்றன என்று பார்த்தார். எல்லாம் ஒரே பக்கம், கிழக்கே. பாயசம் ஓடிய தடத்தைக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். சுழன்றடித்திருந்தால் நாலு திசையிலும் முந்திரி கிடக்க வேண்டும் என்றார். ஷங்கர் இரண்டு முந்திரியைக் காலால் மேற்கே தள்ளினார். ஏகாம்பரம் அவற்றை எடுத்துத் திரும்ப வைத்தார். வாசலில் கட்டிய வாழைமரம் இலை கிழியாமல் நின்றது. அதன்பின் நிமிர்ந்து பக்கத்து மாடியைப் பார்த்தார். கொடியில் கோடு போட்ட அரை டிராயர் ஒன்று, இரண்டு கிளிப்போடு, நனைந்து தொங்கியது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ரங்கநாதனின் முகம் வாடிப்போனது.

"கிளிப்பு நல்ல கம்பெனியா இருக்கும்," என்றார் ஷங்கர்.

ஏகாம்பரத்துக்கு அது நியாயமாகப் பட்டது. மாடிக்கு ஏறிப்போனார். கிளிப்பை அழுத்திப் பார்த்து, டிராயரை இழுத்துப் பார்த்துவிட்டு, கீழே நின்ற அத்தனை குடைகளுக்கும் கேட்கும்படி, "சாதா கிளிப்பு. ஸ்பிரிங்கு லூசு," என்றார்.

இறங்கி வந்தவர் கிழக்குப் படுதாவின் பக்கம் போனார். அங்கேதான் அதிக நேரம் நின்றார். எப்போதும் வாசலுக்கு எதிர்ப் படுதாவை மேலே ஒரு முழம் விட்டுத்தான் கட்டுவார்; உள்ளே வரும் காற்று அந்த வழியாக வெளியேறிவிடும். அதைப் பார்த்தே அது ஏகாம்பரம் போட்ட பந்தல் என்று சொல்லிவிடலாம். இன்று படுதா கூரைவரை ஏற்றி, மூலைக்கு மூலை இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சு வேறு யாருடையதும் இல்லை. கயிற்றின் நுனியை இரண்டு சுற்றி உள்ளே செருகுவது அவருடைய கை. எல்லம்மாவுக்கும் அது தெரிந்தது. இத்தனை வருஷம் அவிழ்த்தவள் அவள்தான்.

அவர் திரும்பி லட்சுமம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். "இது சுழல்காத்து இல்லம்மா. இதுக்கு நம்பரே கெடையாது. சைபருக்கும் கீழ. காத்து உள்ள பூந்தது மேக்கால. வெளிய போறதுக்கு நான் வழி விட்ருக்கணும், விடல. கம்மனஹள்ளிக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டேன். பொண்ணு வந்தது கெழக்கால, வூட்டுப் பக்கம். அது வராம இருந்தாலும் பந்தல் வுழுந்திருக்கும்."

"ஹௌதா?" என்றார் லட்சுமம்மா. நிஜமாகவா?

"நீங்க கால் வெச்சிருந்தாலும் வுழுந்திருக்கும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க வேண்டாம் என்று எல்லம்மா இன்றும் நினைக்கிறாள். ஆனால் அதுதான் வேலை செய்தது. அபசகுனத்தைக் கையால் பிடித்துத் திட்ட முடியாது; ஏகாம்பரத்தைத் திட்டலாம். லட்சுமம்மா கன்னடத்தில் ஆரம்பித்து, தமிழுக்கு வந்து, தனக்குத் தெரிந்த கொஞ்சம் உருதுவையும் பயன்படுத்தினார். மூச்சு வாங்க நின்றபோது தாரணிதான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரை அவள் கையிலேயே கொடுத்து, மறுபடி தொடங்கினார். நாளைக்கு வேறு கடையில் சொல்லிவிடலாமா என்று ரங்கநாதன் மெதுவாகக் கேட்டார். "பேடா, வேற ஆளு வேணாம். இவனே கட்டட்டும். திட்டறதுக்கு ஆளு பக்கத்துலயே இருக்கணும்," என்றார் லட்சுமம்மா.

இதற்கு விலை இல்லாமல் போகவில்லை. ஆடி கழிந்து ஆவணி வந்தபோது லிங்கராஜபுரத்தில் பாதிக் கல்யாணங்கள் வேறு கடைக்குப் போயின. சந்தில் போகிற ஆட்டோக்காரர்கள், "சைபர் அண்ணே, காத்து எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஏகாம்பரம் அதையும் அவமானமாக எடுத்துக்கொள்ளாமல், அன்றைய காற்று எப்படி என்று நின்று பதில் சொன்னார். தபால்காரருக்கு எல்லாவற்றையும் எழுதினார், முடிச்சின் படம் வரைந்து. கோடு போட்ட டிராயரைப் பற்றி மட்டும் தபால்காரர் இரண்டு முறை விவரம் கேட்டு எழுதினார். உலகப் படத்தில் பெங்களூர் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

பந்தல் விழுந்த மறுநாள் காலை அதே மனையில் அதே ஷாமியானா நின்றது, கிழக்கே ஒரு முழம் வெளிச்சத்தோடு. ஏகாம்பரம் குளித்து, வேட்டி கட்டி, கூட்டத்தின் ஓரமாகக் கம்பத்தில் கை வைத்து நின்றார். எல்லம்மா பக்கத்தில் நின்றாள். தட்டு வந்தது; அவரும் ஒரு பிடி அட்சதை எடுத்துக்கொண்டார். கெட்டிமேளம் கொட்டியது. முன்வரிசையில் லட்சுமம்மா முதல் கையாக வீசினார். நாலா பக்கத்திலிருந்தும் மஞ்சள் அரிசி பறந்தது. ஏகாம்பரம் வீசவில்லை. விரலிடுக்கிலிருந்து நாலைந்து மணிகளை மட்டும் விழவிட்டு, அவை எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்தார். நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு இடதுபக்கம் நகர்ந்துபோய் நின்றார். அங்கிருந்து கையை உயர்த்தி, நேராகத் தாரணியின் தலையில் விழும்படி போட்டார்.